134ஆம் தெருவின் தரகர்

இருபதாம் நூற்றாண்டு பிறந்த புதிதில் நியூயார்க் நகரத்தில் ஒரு வீட்டுத் தரகர் சின்னதாக ஒரு விளம்பரம் கொடுத்து வந்தார். இரண்டு மூன்று வரிதான். தான் கறுப்பினத்தவர், கறுப்பர்கள் குடியிருக்கும் கட்டடங்களை நிர்வகிப்பதில் தனித்தேர்ச்சி பெற்றவர், சான்றுகள் உண்டு, பிணைத்தொகை கட்டவும் தயார். கீழே பெயர்: பிலிப் ஏ. பேட்டன் ஜூனியர், ஏஜென்ட் மற்றும் புரோக்கர்.

அந்த விளம்பரத்தில் அவர் பயன்படுத்திய சொல் 'ஸ்பெஷாலிட்டி'. இன்றைக்கு ரியல் எஸ்டேட் தொழிலில் காலெடுத்து வைக்கும் யாருக்கும் முதல் வகுப்பிலேயே ஓதப்படும் மந்திரமும் அதுதான். எல்லாருக்கும் எல்லா வீட்டையும் காட்டிக்கொண்டு அலையாதே. ஒரு சின்ன வட்டத்தைப் பிடி, அதற்குள் உன்னை விட்டால் வேறு ஆள் கிடையாதுன்னு ஆக்கிக்கொள். ஒருவர் கிடங்குகள் மட்டும் பார்ப்பார், இன்னொருவர் முதல் வீடு வாங்கும் இளம் தம்பதிகளுக்கு மட்டும். நல்ல யோசனைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் இந்த யோசனையைச் சொல்பவர்கள் யாரும் கேட்காத ஒரு கேள்வி உண்டு: அந்தச் சின்ன வட்டம் எப்படிச் சின்னதாயிற்று? யார் போட்ட கோடு அது?

பேட்டனின் கதையில் அந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. அவர் பிடித்த வட்டத்தைச் சுற்றி ஏற்கெனவே சுவர் இருந்தது. சுவரை எழுப்பியவர்கள் வேறு ஆட்கள். அந்தச் சுவரை வைத்து அவர் தொழில் செய்தார், அதன் ஒரு பக்கத்தை இடித்துத் தள்ளினார். ஹார்லம் என்றதும் இன்று நமக்கு ஜாஸ் இசையும் லாங்ஸ்டன் ஹியூஸும் டியூக் எலிங்டனும் நினைவுக்கு வருகிறார்கள். அவர்கள் எல்லாம் வந்து சேர்வதற்கு முன்னால் அங்கே ஒரு தரகர் வாடகை ஒப்பந்தங்களோடு அலைந்துகொண்டிருந்தார்.

*

பேட்டன் பிறந்தது 1876இல், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வெஸ்ட்ஃபீல்ட் என்ற சிற்றூரில். அப்பா முடிதிருத்துபவர், ஆனால் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்பதில் கண்டிப்பானவர். ஒரு மகன் யேல் பல்கலைக்கழகம் வரைக்கும் போனார். பிலிப் வட கரோலினாவில் லிவிங்ஸ்டன் கல்லூரியில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, அப்பாவின் கடையில் கத்தரி பிடித்துவிட்டு, 1899இல் நியூயார்க்குக்கு வந்து சேர்ந்தார். கையில் பெரிதாக எதுவும் இல்லை. ஒரு பெரிய கடையில், காசு போட்டால் எடை காட்டும் எந்திரத்தின் பக்கத்தில் நிற்கும் வேலை கிடைத்தது. வாரத்துக்கு 6 டாலர். பிறகு முடிதிருத்தும் வேலை. அப்புறம் ஒரு ரியல் எஸ்டேட் அலுவலகத்தில் கூட்டிப் பெருக்கும் வேலை, வாரத்துக்கு 8 டாலர்.

அந்த அலுவலகத்தில்தான் பொறி தட்டியது. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள் செய்யும் வேலை ஒன்றும் மாயவித்தை இல்லை என்பதைத் துடைப்பத்தோடு நின்றுகொண்டே கவனித்திருக்கிறார். 1900இல் ஒரு கூட்டாளியோடு சேர்ந்து 'பிரவுன் அண்ட் பேட்டன்' என்று சொந்தமாகக் கடை திறந்தார். சில மாதங்களிலேயே தொழில் படுத்துவிட்டது. கூட்டாளி கழன்றுகொண்டார். பேட்டன் விடவில்லை. அந்த நாட்களில் வாடகை கட்ட முடியாமல் அவரே வீட்டைக் காலி செய்ய வேண்டிவந்தது, அதுவும் ஒருமுறையல்ல. மனைவி மேகி தையல் வேலை செய்து குடும்பத்தை ஓட்டினார். டிராமுக்குக் கொடுக்க ஐந்து காசு இல்லாமல் கீழ் மன்ஹாட்டனின் நாசா தெருவிலிருந்து ஹார்லம் வரைக்கும் நடந்தே போயிருக்கிறேன் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். பன்னிரண்டு கிலோமீட்டருக்குக் குறையாத தூரம். ஊருக்கெல்லாம் வீடு பிடித்துக் கொடுக்கக் கிளம்பியவர் சொந்த வாடகைக்கு வழியில்லாமல் நின்றார்.

தோற்றதற்குக் காரணம் சோம்பல் இல்லை. அந்தக் கடையை மற்றவர்களிடமிருந்து வேறுபடுத்திக் காட்ட எதுவும் இல்லை. நியூயார்க்கில் தரகர்களுக்கா பஞ்சம்? ஒரு வெள்ளைக்கார வீட்டுக்காரர், முன்பின் தெரியாத ஒரு கறுப்பு இளைஞரிடம் தன் கட்டடத்தை ஏன் ஒப்படைக்க வேண்டும்?

*

இந்த இடத்தில் ஹார்லத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

டச்சுக்காரர்கள் 1658இல் உண்டாக்கிய கிராமம் அது. தங்கள் ஊர்ப் பெயரையே வைத்தார்கள். 1873இல்தான் நியூயார்க் நகரத்தோடு அதிகாரபூர்வமாக இணைந்தது. அதற்குப் பிறகு உயர்மட்ட ரயில் பாதைகள் வந்தன, பின்னாலேயே கட்டடங்கள் வந்தன. 1889இல் ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் 125ஆம் தெருவில் ஓர் ஆபரா அரங்கமே கட்டினார். வசதியான வெள்ளையர்கள் வாழப்போகும் இடம் என்று நினைத்துக் கட்டியது. 1890களின் கடைசியில் இன்னொரு செய்தி கசிந்தது: லெனாக்ஸ் அவென்யூவின் அடியில் சுரங்க ரயில் வரப்போகிறது. அவ்வளவுதான். காலி மனை இருந்த இடமெல்லாம் வாங்கினார்கள், வாங்கியதை விற்றார்கள், விற்றதில் ஐந்து மாடி ஆறு மாடி எழுப்பினார்கள். நம்மூரில் மெட்ரோ பாதையின் வரைபடம் வெளியானதும் நடப்பது எல்லாருக்கும் தெரியும், அதேதான்.

ரயில் வந்தது, 1904 நவம்பரில். ஆட்கள் வரவில்லை. வந்தவர்களுக்குத் தேவையானதைவிட அதிகமாக வீடுகளைக் கட்டிவைத்திருந்தார்கள். கேட்ட வாடகையும் அதிகம். 1904, 1905இல் குமிழி உடைந்தது. கடன் கொடுத்தவர்கள் கையை இறுக்கினார்கள், அடமானத்தில் இருந்த கட்டடங்கள் கை மாறின. புது வண்ணப்பூச்சு வாசனையோடு வரிசை வரிசையாக வீடுகள் பூட்டிக் கிடந்தன.

இது ஒரு பக்கம். மறுபக்கம், தெற்கே மன்ஹாட்டனின் நடுப்பகுதியில், டெண்டர்லாயின், சான் வான் ஹில் என்ற வட்டாரங்களில் கறுப்பர்கள் நெருக்கியடித்து வாழ்ந்துகொண்டிருந்தார்கள். இடிந்த வீடுகள், அதற்கும் ஏறிய வாடகை. 1900 ஆகஸ்டில் ஒரு கறுப்பு இளைஞருக்கும் சாதாரண உடையில் இருந்த ஒரு வெள்ளைக் காவலருக்கும் நடந்த மோதலில் காவலர் இறந்துபோனார். அதைத் தொடர்ந்து வெள்ளையர் கும்பல் டெண்டர்லாயின் தெருக்களில் கண்ணில் பட்ட கறுப்பர்களையெல்லாம் அடித்தது. காவல்துறை தடுக்கவில்லை, சேர்ந்துகொண்டது. சில வருடங்களில் அடுத்த அடி: பென்சில்வேனியா ரயில் நிறுவனம் தன் பெரிய நிலையத்துக்காக அதே வட்டாரத்தில் கட்டடம் கட்டடமாக வாங்கி இடிக்க ஆரம்பித்தது. இருந்த வீடும் போச்சு.

ஆக, வடக்கே ஆளில்லாத வீடுகள். தெற்கே வீடில்லாத ஆட்கள். நடுவில் சில மைல் தூரம். சந்தை தானாகவே எல்லாவற்றையும் சரிசெய்யும் என்று நம்புகிறவர்கள் இந்தச் சில மைல்களைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். ஹார்லத்து வீட்டுக்காரர்கள் நஷ்டப்பட்டாலும் படுவார்களே தவிர, கறுப்பர்களுக்கு வீடு தரமாட்டார்கள். யார் முதலில் கொடுப்பது? கொடுத்தவன் பெயர் தெருவில் என்ன ஆகும்?

*

அந்த முதல் கதவு எப்படித் திறந்தது என்பதற்கு இரண்டு கதைகள் இருக்கின்றன.

பேட்டனே சொன்ன கதை இது. மேற்கு 134ஆம் தெருவில் இரண்டு வெள்ளைக்கார வீட்டுக்காரர்களுக்குள் ஏதோ தகராறு. ஒருவருக்கு மற்றவரைப் பழிவாங்க வேண்டும். என்ன வழி? "இரு, உன் பக்கத்துக் கட்டடத்தில் கறுப்பர்களைக் குடிவைக்கிறேன் பார்" என்று கிளம்பிவிட்டார். கட்டடத்தைப் பேட்டனிடம் ஒப்படைத்தார். பேட்டன் அதை நிரப்பினார், ஒழுங்காக வாடகை வசூலித்துக் கொடுத்தார், அதைக் காட்டி அடுத்த வீட்டுக்காரரிடம் போனார்.

எழுத்தாளர் ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் 1930இல் வெளிவந்த 'பிளாக் மன்ஹாட்டன்' நூலில் சொல்வது கொஞ்சம் வேறு மாதிரி. லெனாக்ஸ் அவென்யூவுக்குக் கிழக்கே வீடுகள் காலியாகக் கிடந்தன, போக்குவரத்து வசதி குறைவு. பேட்டன் வீட்டுக்காரர்களிடம் போய், நிலையான கறுப்புக் குடித்தனக்காரர்களைக் கொண்டுவந்து நிரப்புகிறேன் என்று பேசினார், அவர்களும் ஒத்துக்கொண்டார்கள்.

முதல் கதையில் கறுப்புக் குடித்தனக்காரர்கள் ஓர் ஆயுதம், அண்டை வீட்டானை நோக்கி வீசும் கல். இரண்டாவது கதையில் அவர்கள் ஒரு தீர்வு. எனக்கு முதல் கதைதான் உண்மைக்கு நெருக்கமாகப் படுகிறது, அதைச் சொன்னது பேட்டனே என்பதால் மட்டுமல்ல. லாபம் வரும் என்ற வாதத்துக்காக மட்டும் மனிதர்கள் இனத்தடையைத் தாண்டியதாக நான் அதிகம் படித்ததில்லை. கோபம் முதல் கதவைத் திறந்தது, லாபம் அடுத்தடுத்த கதவுகளைத் திறந்தது. இரண்டு கதைகளும் ஒன்றன்பின் ஒன்றாக உண்மையாக இருந்திருக்கலாம்.

எப்படியோ, 'பிரவுன் அண்ட் பேட்டன்' தோற்ற இடத்தில் பேட்டன் தனியாக ஜெயித்தார். மாறியது என்ன? ஆள் அதே ஆள். வட்டம் மட்டும்தான் சிறிதாயிற்று.

அந்த வட்டத்துக்குள் அவருக்குத் தெரிந்தது வேறு எந்தத் தரகருக்கும் தெரியாது. வெள்ளைத் தரகருக்குக் கறுப்புக் குடும்பங்கள் எல்லாம் ஒன்றுதான். பேட்டனுக்கு அப்படியில்லை. உணவகத்தில் பரிமாறுபவர், ரயிலில் சுமை தூக்குபவர், துணி வெளுத்துக் கொடுக்கும் பெண், எழுத்தர், இவர்களில் யார் எந்தத் தேவாலயத்துக்குப் போகிறார், யார் மாதாமாதம் கட்டுவார், யார் வீட்டில் ஓர் அறையை உள்வாடகைக்கு விட்டுச் சமாளிப்பார் என்பதை அவர் விசாரித்துத் தெரிந்துகொள்ள முடியும். பக்கத்துத் தெருக்காரர்தானே. வீட்டுக்காரருக்கோ அந்த உலகத்தில் ஒருத்தரையும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. பேட்டன் வீட்டுக்காரருக்கு விற்றது அந்த அறிவைத்தான். குடித்தனக்காரர்களுக்கு அவர் விற்றது வேறு ஒன்று: கதவைத் தட்டினால் முகத்தில் அறையாமல் சாவி கொடுக்கும் ஓர் அலுவலகம். விளம்பரத்தில் தன் நிறத்தை முதலில் சொன்னதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். நகரம் அவருக்கு எதிராக வைத்திருந்த ஒரே விஷயத்தை எடுத்துத் தகுதிப்பத்திரமாக்கிவிட்டார்.

ஆனால் சாவிக்கு விலை இருந்தது. வேறு போக்கிடம் இல்லாதவனிடம் எந்தச் சந்தையும் அதிகமாகத்தான் கேட்கும். கறுப்புக் குடித்தனக்காரர்கள் அதே மாதிரி வீட்டுக்கு வெள்ளையர் கொடுத்ததைவிடக் கூடுதல் வாடகை கொடுத்தார்கள். வீட்டுக்காரர்கள் இறங்கிவந்ததற்கு அதுவும் ஒரு காரணம். பேட்டனுக்கு இது தெரியாமல் இல்லை, அவருடைய தொழிலே அந்தக் கணக்கின் மேல்தான் நின்றது. இந்த இடத்தை அவருடைய ரசிகர்கள் வேகமாகக் கடந்துபோய்விடுகிறார்கள். கடந்துபோகக் கூடாது. அன்றைய கறுப்புக் குடும்பம் ஒன்றுக்கு, டெண்டர்லாயினில் ஓட்டை வீட்டுக்கு அதிக வாடகை கொடுப்பதா, ஹார்லத்தில் புதுவீட்டுக்கு அதிக வாடகை கொடுப்பதா என்பதுதான் கைவசம் இருந்த தேர்வு. நியாயமான வாடகை என்ற மூன்றாவது கதவு அந்த நகரத்தில் இல்லை. அவர்கள் புதுவீட்டைத் தேர்ந்தார்கள்.

*

1904 ஜூனில் பேட்டன் பெரிதாக யோசித்தார். 'ஆஃப்ரோ-அமெரிக்கன் ரியல்டி கம்பெனி' பதிவாயிற்று. மூலதனம் 5,00,000 டாலர், பங்கு ஒன்று 10 டாலர் வீதம் 50,000 பங்குகள். பின்னால் நின்றவர்கள் பலரும் புக்கர் டி. வாஷிங்டனின் வட்டத்து ஆட்கள். வாஷிங்டனுக்காக வழக்குகள் நடத்திய வில்ஃபோர்ட் ஸ்மித், ஈமச்சடங்குத் தொழிலில் பணம் சம்பாதித்த ஜேம்ஸ் தாமஸ், பத்திரிகைக்காரர் ஃப்ரெட் மூர். அரசியலைப் பிறகு பார்ப்போம், முதலில் சொத்து சேர்ப்போம் என்பது வாஷிங்டனின் கொள்கை. அதற்கு ஹார்லத்தைவிட நல்ல சோதனைக்களம் கிடைக்காது.

கம்பெனி வெளியிட்ட அறிக்கையின் தொனி எனக்கு மிகவும் பிடித்தமானது. கெஞ்சல் இல்லை. இனவெறி என்பது ஓர் ஆடம்பரம், மற்ற ஆடம்பரங்களைப் போல அதையும் விலை ஏற்றிக் காட்ட முடியும் என்கிற மாதிரிப் பேசியது அது. இதுவரைக்கும் நம்மை அழுத்தியதை வைத்தே நாம் சம்பாதிக்கலாம் என்றது.

சொன்னதைச் செய்தும் காட்டினார்கள். ஹட்சன் ரியல்டி என்ற வெள்ளையர் நிறுவனம் லெனாக்ஸ் அவென்யூவை ஒட்டி 135ஆம் தெருவில் மூன்று கட்டடங்களை வாங்கி, அவற்றிலிருந்த கறுப்புக் குடித்தனக்காரர்களை வெளியேற்றப் பார்த்தது. வெள்ளையரை வைத்தால் மதிப்பு ஏறும் என்பது கணக்கு. பேட்டன் என்ன செய்தார்? பக்கத்திலேயே இருந்த இரண்டு கட்டடங்களை வாங்கினார். அங்கிருந்த வெள்ளையர்களைக் காலி செய்யச் சொன்னார். ஹட்சன் துரத்திய குடும்பங்களை அங்கே குடிவைத்தார். இருபக்கமும் கறுப்பர்கள் குடியிருக்கும் கட்டடத்துக்கு எந்த வெள்ளைக் குடும்பம் வாடகைக்கு வரும்? ஹட்சன் நிறுவனம் கடைசியில் அந்த மூன்று கட்டடங்களையும் பேட்டனின் கம்பெனிக்கே விற்றுவிட்டு நடையைக் கட்டியது. பத்திரிகைகளில் செய்தி பரபரத்தது. காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ் வெள்ளைக்காரர் வீட்டுக்கு வந்தது என்பது பத்திரிகைகளுக்குப் புதுச் செய்தி.

அந்த வெள்ளைக் குடும்பங்களின் நிலை? அவர்களும் வாடகைக்கு இருந்தவர்கள்தான், பணக்காரர்கள் என்று சொல்ல முடியாது. அவர்கள் போவதற்கு நகரம் முழுக்க இடம் இருந்தது என்ற ஒரு வித்தியாசத்தைத் தவிர.

*

நான்கே வருடம். 1908இல் கம்பெனி இல்லை.

எப்படி விழுந்தது என்று பார்த்தால், வட்டத்தை விட்டு வெளியே வந்ததில் விழுந்தது. கறுப்பர்கள் வாழும் கட்டடங்களை நிர்வகிப்பது பேட்டனின் கைவந்த கலை. அதில் முதலீடு வீட்டுக்காரருடையது, ஆபத்தும் அவருடையது. பேட்டனுக்குக் கமிஷன். கம்பெனி வந்த பிறகு கணக்கு மாறியது. வெள்ளையர்களின் கட்டடங்களை ஐந்து வருடக் குத்தகைக்கு மொத்தமாக எடுத்து, அறை அறையாகக் கறுப்பர்களுக்கு விடும் ஏற்பாடு. நிரம்பினால் வித்தியாசம் கம்பெனிக்கு லாபம். நிரம்பாவிட்டால், அல்லது வாடகை நின்றுபோனால், குத்தகைப் பணம் கம்பெனியின் தலையில். இது போதாதென்று கட்டடங்களை வாங்கவும் செய்தார்கள், பெரும்பாலும் அடமானக் கடனில். கூடவே மூன்றாவதாக ஒரு தொழில்: பங்கு விற்பது. பத்து டாலர் சேர்த்து வைத்திருந்த சாதாரணக் கறுப்பர்களிடம் இன முன்னேற்றத்தையும் லாபத்தையும் ஒரே பொட்டலத்தில் கட்டி விற்றார்கள்.

தரகு, குத்தகை, பங்குச்சந்தை. மூன்றுக்கும் வேண்டிய திறமை வேறு வேறு. முதலாவதில் அவர் நிபுணர். மற்ற இரண்டில் துணிச்சல்காரர், அவ்வளவே.

1906இல் பங்குதாரர்கள் சிலர் நீதிமன்றம் போனார்கள். அறிக்கையில் கட்டடங்களைக் கம்பெனியின் வில்லங்கமற்ற சொந்தச் சொத்துபோலக் காட்டினார்கள், உண்மையில் அவை கடனில் மூழ்கியிருந்தன என்பது புகார். பேட்டன் கைதாகும் அளவுக்குப் போயிற்று. தனிப்பட்ட முறையில் அவர் தப்பித்தார், ஆனால் கம்பெனி தவறான தகவல் கொடுத்தது என்பதை நீதிமன்றம் ஏற்றது. இடையில் 1907இன் நிதி நெருக்கடி வேறு. கடனில் ஓடும் எந்தத் தொழிலும் அந்த வருடத்தைத் தாண்டுவது கஷ்டம்.

நிறைய பேர் இதை வெள்ளைச் சந்தையின் சதி என்று எழுதுகிறார்கள். கடன் கொடுத்தவர்கள் கறுப்பு நிறுவனத்திடம் தாராளமாக இருந்திருக்க வாய்ப்பில்லை, உண்மை. ஆனால் வழக்குப் போட்டவர்கள் கறுப்பர்கள். பத்து டாலர் போட்டவர்கள். பெருமை அடிக்கடி பேசப்பட்ட அந்த அறிக்கையை நம்பியவர்கள். அவர்களை மறந்துவிட்டு இந்தக் கதையைச் சொன்னால் பேட்டனுக்கு வேண்டுமானால் நல்லது, வரலாற்றுக்கு இல்லை.

*

பேட்டனிடம் வேலை பார்த்தவர்களில் இரண்டு பேர், ஜான் நெயில், ஹென்றி பார்க்கர், 1907இல் வெளியேறித் தனியாகக் கடை போட்டார்கள். 'நெயில் அண்ட் பார்க்கர்'. நெயிலின் அப்பா பெயர்பெற்ற மதுவிடுதிக்காரர். தங்கை கிரேஸை மணந்தவர்தான் மேலே சொன்ன ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன். பேட்டனிடம் இருந்த வீராவேசம் இவர்களிடம் இல்லை. அறிக்கை இல்லை, பத்து டாலர் பங்கு இல்லை. தரகு, நிர்வாகம். இவ்வளவுதான் தொழில். பேட்டன் கண்டுபிடித்த அதே சந்தை, அதைவிடவும் ஒடுக்கமான வேலை.

அவர்களுக்குக் கிடைத்த வாடிக்கையாளர் ஒரு தேவாலயம். செயின்ட் ஃபிலிப்ஸ், நகரத்தின் பழைய கறுப்பு எபிஸ்கோப்பல் திருச்சபை, வசதியான உறுப்பினர்களைக் கொண்டது. தெற்கே நகரத்தின் நடுவில் அதற்கு இருந்த நிலங்களின் மதிப்பு ஏறியிருந்தது. அவற்றை விற்றுவிட்டு ஹார்லத்துக்கு இடம் மாற முடிவு செய்தார்கள். 134ஆம் தெருவில் புதுக் கோயில். அதை வடிவமைத்தவர்களும் வெர்ட்னர் டேண்டி, ஜார்ஜ் ஃபாஸ்டர் என்ற இரண்டு கறுப்பு கட்டடக் கலைஞர்கள். தேவாலயத் தலைவர் ஹட்சன்ஸ் பிஷப் வெளிர்நிறத்தவர், வெள்ளையர் என்று நினைத்து விற்றவர்களிடம் மறுபேச்சு பேசாமல் நிலம் வாங்கினார் என்று ஒரு கதை ஹார்லத்தில் உலவுகிறது. 1911இல் நெயிலும் பார்க்கரும் முடித்துக்கொடுத்த வியாபாரத்தில் 135ஆம் தெருவின் பத்து அடுக்குமாடிக் கட்டடங்களைத் தேவாலயம் 6,40,000 டாலருக்கு வாங்கியது. அதுவரை அவை வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த வீடுகள்.

பேட்டன் ஐந்து வருடக் குத்தகையில் செய்ய நினைத்ததைத் தேவாலயம் சொந்தப் பணத்தில் செய்தது. உண்டியல் பணத்தை வாடகை பாக்கி அசைக்க முடியாது. ஒரு கறுப்பு நிறுவனம் வீட்டுக்காரராக அமர்ந்தபின் ஐந்து வருடம் கழித்துக் குத்தகையைப் புதுப்பிக்க மாட்டேன் என்று சொல்ல யாரும் இல்லை. ஹார்லம் கறுப்பர்களின் ஊராக நிலைத்தது இந்த ஆவணத்தில்தான் என்பது என் எண்ணம். பேட்டனுக்குக் கிடைக்கும் புகழில் பாதியாவது நெயிலுக்கும் பார்க்கருக்கும் வந்திருக்க வேண்டும். வழக்கு, கைது எதுவும் இல்லாததால் கதையாக நிற்கவில்லை போலும்.

எதிர்ப்பும் இதே வருடங்களில்தான் உச்சத்துக்குப் போனது. ஜான் டெய்லர் என்பவரின் தலைமையில் ஹார்லம் வீட்டுக்காரர்கள் சங்கம் கட்டினார்கள். 136ஆம் தெருவில் 24 அடி உயர வேலி போடலாம் என்றுகூட யோசனை வந்தது. தெருத்தெருவாக ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள்: கறுப்பர்களுக்கு விற்க மாட்டோம், வாடகைக்கு விட மாட்டோம். கையெழுத்துப் போட்ட ஒவ்வொருவருக்கும் உள்ளுக்குள் ஒரே பயம்தான், பக்கத்து வீட்டுக்காரன் முந்திக்கொண்டால்? கடைசியில் விற்பவனுக்கு நல்ல விலை கிடைக்காது. தரகர் செய்ய வேண்டியதெல்லாம் அந்தப் பயம் பழுக்கும்வரை காத்திருப்பது. பிற்காலத்தில் வேறு நகரங்களில் வெள்ளைத் தரகர்கள் இதே பயத்தைத் திட்டமிட்டுக் கிளப்பி, ஒரு பக்கம் அடிமாட்டு விலைக்கு வாங்கி மறுபக்கம் கொள்ளை விலைக்கு விற்றார்கள். பேட்டனின் உத்தியில் இருந்து அவருடைய நோக்கத்தை மட்டும் கழற்றிவிட்டால் கிடைப்பது அதுதான். இது எனக்குக் கசப்பாகத்தான் இருக்கிறது.

தரகர்களின் தேசியச் சங்கம் 1924இல் தன் ஒழுக்க விதிகளில் ஒன்று சேர்த்தது: ஒரு பகுதியின் சொத்து மதிப்பைக் குறைக்கக்கூடிய இனத்தவரை அங்கே கொண்டுவருவதற்கு எந்த உறுப்பினரும் கருவியாக இருக்கக் கூடாது. ஒழுக்க விதி! 1950 வரை அது அப்படியே இருந்தது. 'ரியல்டர்' என்ற பட்டம் அந்தச் சங்கத்தவருக்கு மட்டும் உரியது. கறுப்புத் தரகர்கள் 1947இல் தனிச் சங்கம் தொடங்கி, தங்களை 'ரியல்டிஸ்ட்' என்று அழைத்துக்கொண்டார்கள். அதாவது, ஒரு தொழில் முழுவதுமே இனவாரியாகத் தனித்தேர்ச்சி பெற்றுவிட்டது. யாரும் அதை அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை.

*

1914 வாக்கில் ஹார்லத்தில் சுமார் 50,000 கறுப்பர்கள் இருந்தார்கள். 1930இல் ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது. வாடகை ஏறிக்கொண்டே போனது, வீடுகள் சிறிதாகிக்கொண்டே வந்தன. மாதக் கடைசியில் வாடகைக்குத் துண்டு விழுந்தால் வீட்டிலேயே ஒரு பியானோக்காரரைக் கூப்பிட்டு, வாசலில் நுழைவுக் காசு வாங்கி, விடிய விடிய ஆட்டம் நடத்துவது வழக்கமாயிற்று. அந்த 'வாடகை விருந்து'களில் வாசித்துப் பழகியவர்கள் பின்னாளில் ஜாஸ் வரலாற்றின் பெரிய பெயர்கள் ஆனார்கள். அந்த இசையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வாடகை பாக்கி ஞாபகம் வருகிறது, என்ன செய்ய.

பேட்டன் அதையெல்லாம் பார்க்கவில்லை. கம்பெனி விழுந்த பிறகு அவர் தொழிலை விடவில்லை. தன் பெயரிலேயே சிறிதாக ஓர் அலுவலகம், மறுபடியும் நிர்வாகம், வாடகை, கமிஷன். பத்து வருடம் ஓடியது. 1917 கோடையில், லெனாக்ஸ் அவென்யூ அருகே 141, 142ஆம் தெருக்களில் ஆறு அடுக்குமாடிக் கட்டடங்களைச் சுமார் 15 லட்சம் டாலர் மதிப்பில் வாங்கும் வியாபாரத்தை முடித்தார். அதுவரை கறுப்பர்களுக்காக நடந்தவற்றில் இவ்வளவு பெரிய வியாபாரம் அபூர்வம்.

ஆறுக்கும் பெயர் வைத்தார். புரட்சிப் போரின் முன்னோடிக் கலவரத்தில் முதலில் உயிர்விட்ட கிறிஸ்பஸ் அட்டக்ஸ். ஹெய்ட்டியை விடுவிக்கப் போராடிய டூசான் லூவெர்ட்யூர். அடிமையாக விற்கப்பட்டுக் கவிஞரான ஃபிலிஸ் வீட்லி. கவிஞர் பால் லாரன்ஸ் டன்பார். ஃப்ரெடரிக் டக்ளஸ். இரண்டு வருடம் முன்னால் இறந்துபோயிருந்த புக்கர் டி. வாஷிங்டன். வாடகைக்கு வருபவர்கள் இனி முகவரி சொல்லும்போது இந்தப் பெயர்களைச் சொல்ல வேண்டும் என்பது அவருடைய ஏற்பாடு.

அந்த வருடம் ஆகஸ்ட் கடைசியில், ஈரல் புற்றுநோயில், நியூஜெர்சியின் கடலோர ஊரான ஆலன்ஹர்ஸ்டில் பேட்டன் இறந்துபோனார். வயது 41. நவம்பரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கறுப்பர்கள் எந்தத் தெருவில் குடியேறலாம் என்று நகராட்சிகள் சட்டம் போடுவது செல்லாது என்று தீர்ப்பளித்தது. கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரிலிருந்து வந்த வழக்கு. வாங்க வந்தவர் வில்லியம் வார்லி என்ற கறுப்பர். விற்க வந்தவர் சார்லஸ் புக்கானன் என்ற வெள்ளையர், தொழிலில் அவரும் ஒரு ரியல் எஸ்டேட் தரகர்.